ஃபார்மட் அடித்தாலும் திரும்பி வரும் விளம்பரம்: பிரௌசரைப் பிடித்த ஆட்வேரை எடுக்கும் வழி

சைதாப்பேட்டை பஜார் ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, பட்டா சிட்டா, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று சகலமும் அங்கே நடக்கும். போன வருடம் ஒருநாள் கடைக்கார அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சாச்சு. காலையில பளிச்சுனு இருக்கு. குரோம்ல நம்ம ஜிமெயில் போட்டு உள்ள போனா, அரை மணி நேரத்துல அதே சனியன் திரும்ப வந்து நிக்குது."

போய்ப் பார்த்தேன். கூகுளில் எதையாவது தேடினால் பெயர் தெரியாத ஒரு தளம் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறைந்து, கடைசியில் யாஹூவில் போய் நின்றது. புதிய டேப் திறந்தால் கடிகாரமும் வானிலையும் போட்ட ஒரு பக்கம், நடுவில் அவர்களுடைய தேடல் பெட்டி. திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று சிவப்பில் ஒரு பெட்டி ஏறி ஏறி இறங்கியது. முதல் ஃபார்மட்டிலேயே மூன்று வருடத்துப் பத்திரிகை டிசைன்கள் போயிருந்தன. இரண்டாவதில் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவர் சொன்ன வாக்கியத்திலேயே விடை இருந்தது: "ஜிமெயில் போட்டு உள்ள போனா." ஃபார்மட் ஹார்ட் டிஸ்க்கைத்தான் துடைக்கும், கூகுள் கணக்கைத் துடைக்காது. குரோமில் லாகின் செய்ததும் சிங்க் என்கிற வசதி பழைய புக்மார்க், பாஸ்வேர்டோடு சேர்த்து பழைய எக்ஸ்டென்ஷனையும் (பிரௌசரில் சேர்க்கும் குட்டிப் புரோகிராம்) செட்டிங்ஸையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிடும். அவர் மகன் அதே கணக்கில் வீட்டு லேப்டாப்பிலும் இருந்தான். ஆட்வேர் (கேட்காமலே விளம்பரம் போடும் மென்பொருள்) உள்ளே நுழைந்தது அங்கேதான்.

மொட்டைமாடியில் தேங்கிய தண்ணீரை விட்டுவிட்டு ராத்திரி முழுக்க கொசு பேட்டோடு உட்கார்ந்திருப்பது மாதிரி இது. ஆட்வேரில் நீங்கள் பார்க்கும் விளம்பரம் கொசு. அதைத் திரும்பத் திரும்பப் போடுகிற ஏதோ ஒன்று வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அது எங்கே என்று கண்டுபிடித்து, அதை முதலில் எடுத்து, பிரௌசரைக் கடைசியில் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹோம்பேஜை மாற்றிப் பார்க்கிறார்கள், மறுநாள் காலை பழையபடி ஆகிவிடுகிறது, அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கீழே உள்ளது விண்டோஸ் 10, 11 கணினிக்கும் குரோமுக்கும். எட்ஜ் அதே வம்சம் என்பதால் பெரும்பாலும் பொருந்தும். ஃபயர்ஃபாக்ஸ் வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். பிரௌசர் முகவரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் ஐந்து நிமிடம்: இது என்ன வகை?

எதையும் அழிக்காதீர்கள். பாருங்கள்.

தொல்லை வலது கீழ் மூலையில் எட்டிப்பார்க்கும் பெட்டி மட்டும்தானா? தேடல், ஹோம்பேஜ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? அப்படியானால் கணினியில் அனேகமாக ஒன்றும் ஏறவில்லை. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுமதி. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். "அலோ" பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அதே பக்கத்தில் இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அணைக்கவும் முடியும். அணைத்துவிடுங்கள். வேலை முடிந்தது, இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம். என்னிடம் "வைரஸ்" என்று வருகிறவர்களில் நிறைய பேருக்கு இவ்வளவுதான் வைத்தியம்.

தேடல் வேறு தளத்துக்குப் போகிறது என்றால் இன்னொரு பிரௌசரில் தேடிப் பாருங்கள். குரோமில் மட்டும் கோளாறு என்றால் எக்ஸ்டென்ஷன் அல்லது குரோமின் செட்டிங். எல்லா பிரௌசரிலும் என்றால் விண்டோஸுக்குள் ஒரு புரோகிராம் அல்லது பிராக்ஸி (இணையப் போக்குவரத்து வழியில் கடந்து போகும் இடைத்தரகன்). அதே வைஃபையில் இருக்கும் செல்போனிலும் வருகிறது, மொபைல் டேட்டாவுக்கு மாறினால் நின்றுவிடுகிறது என்றால் கணினியை விட்டுவிட்டு ரௌட்டரைப் பாருங்கள்.

ஏதாவது ஒரு நேரக் கணக்கு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். குரோமில் லாகின் செய்ததும் வந்தால் சிங்க். கணினியைப் போட்டதும் வந்தால் ஸ்டார்ட்டப். மணிக்கு ஒருமுறை தானாகப் பக்கம் திறந்தால் டாஸ்க் ஷெட்யூலர், அதாவது குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டும் விண்டோஸ் கருவி. இதற்கு ஒரு துண்டுச்சீட்டில் நேரத்தைக் குறித்து வைப்பது எந்த ஸ்கேனரையும்விட உதவும்.

இதில் யாருக்கு என்ன லாபம் என்று அண்ணன் கேட்டார். உங்கள் தேடல் அவர்கள் வாசல் வழியாகப் போனால், முடிவுப் பக்கத்தில் வரும் விளம்பர வருமானத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு. ஆளுக்கு நாலு பைசாதான், ஆனால் ஆட்கள் கோடிக்கணக்கில். 2017இல் ஃபயர்பால் என்ற ஆட்வேரைப் பற்றி செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க 25 கோடிக் கணினிகள், இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 2.5 கோடி என்று அதில் கணக்கு. எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பாதியைத் தள்ளினாலும் யாவாரம் நல்ல யாவாரம்தான்.

கைவைக்கும் முன்

வேலை முடியும்வரை இந்தக் கணினியில் நெட்பேங்கிங், யுபிஐ, மின்சாரக் கட்டணம் எதுவும் வேண்டாம். முகவரிப் பட்டையில் பூட்டு தெரிகிறதே என்று நம்பாதீர்கள். லெனோவோ லேப்டாப்புகளில் முன்கூட்டியே ஏற்றி விற்கப்பட்ட சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் தன்னுடைய சான்றிதழையே விண்டோஸில் பதித்து, பூட்டுப் போட்ட பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைத்தது. 2015இல் அது வெளியே வந்தபோது பெரிய கலவரம்.

ஸ்டார்ட் மெனுவில் "ரெஸ்டோர் பாயிண்ட்" என்று தேடி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள், ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும். முக்கிய ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

அப்புறம் சிங்க். குரோம் செட்டிங்ஸில் உங்கள் கணக்குப் பகுதிக்குப் போய், எதையெல்லாம் சிங்க் செய்வது என்ற பட்டியலில் எக்ஸ்டென்ஷன்ஸ், செட்டிங்ஸ் இரண்டை மட்டும் அணையுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அதே கணக்கு ஓடும் எல்லாக் கணினியிலும் இதைச் செய்ய வேண்டும். வீட்டில் ஒன்று, கடையில் இரண்டு என்றால் மூன்றிலும். ஒன்றை விட்டாலும் அங்கிருந்து திரும்ப வரும்.

படி 1: புரோகிராமை எடுப்பது

விண்டோஸ் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் (விண்டோஸ் 10இல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்). பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த நாளை ஒட்டி என்ன ஏறியிருக்கிறது? இலவச பிடிஎஃப் கன்வர்ட்டர், வீடியோ டவுன்லோடர், டிரைவர் அப்டேட்டர், "பிசியை வேகமாக்கும்" ஏதோ ஒன்று, தானே ஒரு பிரௌசர் என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று. பெரும்பாலும் ஒரே நாளில் மூன்று நான்கு சேர்ந்து வந்திருக்கும்.

நீக்கும்போது அவசரப்படாமல் வாசியுங்கள். "இவ்வளவு நல்ல வசதியை இழக்கப் போகிறீர்களா?" என்று கேட்டு, பச்சையில் பெரிதாக "வைத்துக்கொள்" என்றும், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் "நீக்கு" என்றும் போட்டிருப்பார்கள். சிலது நீக்குகிற சாக்கில் இன்னொன்றை ஏற்றப் பார்க்கும்.

தெரியாத பெயர் எல்லாமே கெட்டது என்றும் எண்ண வேண்டாம். விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், ரியல்டெக், இன்டெல் என்று இருப்பவற்றைத் தொடாதீர்கள். ஆர்வக்கோளாறில் ஒருவர் ரியல்டெக்கை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் போச்சு என்று வந்தார்.

படி 2: திரும்பக் கொண்டுவரும் ஆளைப் பிடிப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். அதில் ஸ்டார்ட்டப் பகுதியில் சந்தேகமானதை டிசேபிள் செய்யுங்கள்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, இடப்பக்கம் "டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி"யை அழுத்துங்கள். ஒவ்வொரு வரியாகத் தொட்டு, கீழே "ஆக்‌ஷன்ஸ்" தாவலைப் பாருங்கள். கூகுள் அப்டேட், ஒன்டிரைவ், ஆன்டிவைரஸ், பிரிண்டர் கம்பெனி இவையெல்லாம் இயல்பு. குரோமைத் திறந்து கூடவே ஒரு இணைய முகவரியைக் கொடுக்கும் வரி, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர் வைத்த ஃபைலை ஓட்டும் வரி, பவர்ஷெல்லையோ டபிள்யூஸ்கிரிப்ட்டையோ மறைவாக ஓட்டும் வரி இருந்தால், அதுதான் ஆள். அண்ணன் வீட்டு லேப்டாப்பில் "அப்டேட்" என்ற நல்ல பெயரில் ஒன்று, விண்டோஸில் லாகின் செய்யும்போதெல்லாம் ஓடும்படி உட்கார்ந்திருந்தது. அது ஓட்டிய ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் குறித்துக்கொண்டு, டாஸ்க்கை அழித்து, பிறகு ஃபோல்டரையும் அழித்தோம்.

படி 3: ஸ்கேன்

ஆட்வேருக்கென்றே உள்ள கருவி ஆட்வ்கிளீனர். 2011இல் வந்தது, 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கியது, இன்றும் இலவசம். ஆனால் தேடிப் போகாதீர்கள். தேடலைக் கைப்பற்றிய பிரௌசரில் கிளீனரைத் தேடினால் அவர்கள் காட்டும் கிளீனர்தான் கிடைக்கும். மால்வேர்பைட்ஸ் தள முகவரியை நேரே அடித்துப் போங்கள், அல்லது வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். ஸ்கேன் முடிந்ததும் வரும் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு குவாரன்டைன் (தனிமைப்படுத்தல்) கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகும்.

அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபுல் ஸ்கேன். பிடிவாதமான கேஸ் என்றால் ஆஃப்லைன் ஸ்கேன், அது விண்டோஸ் எழும் முன்னாலேயே ஓடும். அதே இடத்தில் ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோலுக்குள் "ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்" இருக்கும். அதில் "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" என்பதை ஆன் செய்யுங்கள். சில கணினிகளில் இது அணைந்து கிடக்கலாம். நம் நாட்டு அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு.

குரோமுக்குள்ளேயே ஒரு கிளீனப் கருவி இருந்தது என்று பழைய குறிப்புகளில் படித்திருந்தால், அதைத் தேட வேண்டாம். 2023இல் கூகுள் எடுத்துவிட்டது.

படி 4: எக்ஸ்டென்ஷன், பாலிசி

இப்போதுதான் பிரௌசர். முகவரிப் பட்டையில் குரோம்://எக்ஸ்டென்ஷன்ஸ். நீங்களாகப் போடாத எல்லாவற்றையும் ரிமூவ் செய்யுங்கள், அணைத்து வைப்பது போதாது. "கூகுள் டாக்ஸ் ஆஃப்லைன்" மட்டும் குரோமோடு வருவது, அது இருக்கட்டும்.

ரிமூவ் பட்டனே இல்லை, "நிர்வாகி நிறுவியது" என்கிறதா? குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்றும் இருக்கிறதா? ஓஎம்ஆரில் ஐடி கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் அது முறையானது, கைவைக்காமல் அவர்கள் ஐடி பிரிவிடம் கொடுங்கள். சைதாப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்கு ஆர்கனைசேஷன் ஏது? ஆட்வேர் தன்னை நிர்வாகியாகப் பதிவு செய்திருக்கிறது.

குரோம்://பாலிசி பக்கத்தைத் திறங்கள். "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்" என்ற பெயரோ, தேடல் எஞ்சினைக் கட்டிப்போடும் "டிஃபால்ட் சர்ச் புரொவைடர்" என்று தொடங்கும் வரிகளோ தெரியும். இவை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கின்றன. ஸ்டார்ட் மெனுவில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். குரோம் ஃபோல்டரை வலது கிளிக் செய்து முதலில் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டு, பிறகு அதை மட்டும் அழியுங்கள். ஹெச்கீ கரன்ட் யூசர் பக்கத்திலும் அதே வழி, அதே வேலை. எட்ஜுக்கு கூகுள் இருக்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்று இருக்கும். சில ஆன்டிவைரஸ்களும் இங்கே ஒரு வரி போடுவதுண்டு, அதனால்தான் எக்ஸ்போர்ட். ரெஜிஸ்ட்ரியில் கை நடுங்கினால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. பாலிசி பக்கத்தில் "ரீலோட்" கொடுங்கள், காலியாக வர வேண்டும். ரிமூவ் பட்டன் தானாகத் திரும்பிவிடும்.

படி 5: ஒளிந்திருக்கும் சில்லறை இடங்கள்

ஷார்ட்கட்: டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானை வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், "டார்கெட்" பெட்டி. குரோம் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்து மேற்கோள் குறி மூடிய பின் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். டாஸ்க்பாரில் பின் செய்த ஐகான் தனி ஷார்ட்கட். அதையும் அன்பின் செய்து புதிதாகப் பின் செய்வது சுலபம்.

பிராக்ஸி: செட்டிங்ஸ், நெட்வொர்க், பிராக்ஸி. தானாகக் கண்டறிவது ஆனில் இருக்கலாம். செட்டப் ஸ்கிரிப்ட்டும் மேனுவல் பிராக்ஸியும் ஆஃபில் இருக்க வேண்டும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் (எந்தத் தளப் பெயர் எங்கே போக வேண்டும் என்று கணினி பார்க்கும் பட்டியல்): சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி. நோட்பேடில் திறந்தால் முன்னால் # போட்ட வரிகள் வெறும் விளக்கம். # இல்லாமல் தெரிந்த தளங்களின் பெயர் இருந்தால் சந்தேகியுங்கள்.

ரௌட்டர்: செல்போனிலும் தொல்லை இருந்தால் மட்டும். ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. உள்ளே டிஎன்எஸ் எண்கள் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வரின் எண்கள்) யாரோ கைப்பட மாற்றியது போல் இருந்தால் இணைய கம்பெனிக்குப் போன் செய்து சரிபாருங்கள், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இன்னும் "அட்மின், அட்மின்" என்றே விட்டிருப்பவர்கள் நம்மில் ஏராளம்.

படி 6: ரீசெட், பாஸ்வேர்டு

குரோம் செட்டிங்ஸில் "ரீசெட் செட்டிங்ஸ்". ஹோம்பேஜ், தேடல் எஞ்சின், புதிய டேப் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்டென்ஷன்கள் அணையும், குக்கீ போகும். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு போகாது. ஃபயர்ஃபாக்ஸில் அபௌட்:சப்போர்ட் பக்கத்தில் "ரெஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்" பட்டன். பழைய தரவை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வைத்துவிடும், பயப்பட வேண்டாம்.

இப்போது இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒருநாள் முழுக்க ஓட விடுங்கள். மறுநாளும் வரவில்லை என்றால் எல்லாக் கணினியிலும் சுத்தம் ஆகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு சிங்க்கைத் திரும்பப் போடலாம்.

எக்ஸ்டென்ஷனுக்கு "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவை வாசிக்க" அனுமதி இருந்திருக்கும். அதனால் ஜிமெயில், வங்கி பாஸ்வேர்டுகளைச் சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். கூகுள் கணக்கில் தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள்.

போன் நம்பர் காட்டும் பக்கம்

திரை முழுக்க நீலம், சைரன் சத்தம், "மைக்ரோசாஃப்ட்டை அழையுங்கள்" என்று ஒரு எண். அது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. எஸ்கேப்பைச் சற்று அழுத்திப் பிடியுங்கள், மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை என்ட் டாஸ்க் செய்யுங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைத்து எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ஒன்றை ஏற்ற விட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் என்றால் கதை சின்னது. திரை முழுக்க விளம்பரம் வந்த நொடியில் ரீசென்ட்ஸ் பட்டனை அழுத்துங்கள், எந்த ஆப் போட்டது என்று பெரும்பாலும் பெயர் தெரிந்துவிடும். டார்ச், வால்பேப்பர், கிளீனர் ஆப்கள்தான் வழக்கமான புள்ளிகள். நீக்க விடாவிட்டால் சேஃப் மோடில் (நாம் போட்ட ஆப்கள் ஓடாத நிலை) ஏற்றி நீக்குங்கள்.

அந்தக் கடையில் இப்போது

எப்படி நுழைந்தது என்று மகனைக் கேட்டோம். பத்திரிகைக்கு ஒரு தமிழ் ஃபான்ட் தேவைப்பட்டிருக்கிறது. தேடிப் போன பக்கத்தில் ஆறு "டவுன்லோட்" பட்டன். பெரிதாகப் பச்சையாக இருந்ததை அழுத்தியிருக்கிறான். ஃபான்ட் ஃபைல் பெரும்பாலும் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும், கட்டாக வந்தால் ஸிப். இது இஎக்ஸ்இ என்று முடிந்தது. அதையும் திறந்து, நாலு தடவை நெக்ஸ்ட் கொடுத்திருக்கிறான். அந்த நாலில் ஒன்றில் "கஸ்டம்" என்று ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், அதற்குள் டிக் எடுக்க வேண்டிய பெட்டிகளும் இருந்திருக்கும்.

கடையில் மூன்று மாற்றம் செய்தோம். வாடிக்கையாளர் உட்காரும் கணினியில் அட்மின் இல்லாத சாதாரண விண்டோஸ் கணக்கு, குரோம் எப்போதும் கெஸ்ட் மோடில். விளம்பரத் தடுப்புக்கு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு, ஏனென்றால் முழுப் பதிப்பை இப்போதைய குரோம் ஏற்பதில்லை. ஃபான்ட்கள் மொத்தமும் ஒரு பென்டிரைவில், கல்லாப்பெட்டிக்குள். அதற்கு மேல் அண்ணன் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "எழுத்து வேணும்னா என்னைக் கேள்."